வேலிக்கு அந்தப் பக்கத்து டியூஷன்

சந்தேகப்படுவது என் குணம். அதை நான் ஒளித்ததில்லை. மீன்காரர் "இன்னைக்குப் பிடிச்சதுக்கா" என்று சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவேன். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று நான் சொல்லும்போதெல்லாம் என் கணவர், "உன் கண்ணுக்கு மட்டும் எல்லார் குடுமியும் ஆடுது புஷ்பா" என்பார். ஆடட்டும். ஏமாந்தவள் என்று பெயர் எடுப்பதைவிட சந்தேகப் பிராணி என்று பெயர் எடுப்பது மேல்.

அதனால், என் மகள் ஷர்மினி ஒரு செவ்வாய்க்கிழமை மாலை முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு, "மேல போய் காத்து வாங்கிட்டு வர்றேம்மா" என்றபோதே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பதினேழு வயதுப் பெண். பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. ஊரே முகக்கவசம் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. இவளுக்கு மட்டும் என்ன காற்று வேண்டியிருக்கிறது?

எங்கள் வீடு பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம். எங்கள் ஃபிளாட்டையும் பக்கத்துச் சொகுசு அடுக்குமாடிக் கொண்டோவையும் கட்டியது ஒரே நிறுவனம்தான். மலிவு வீடும் சேர்த்துக் கட்டினால்தான் அனுமதி என்று அரசாங்கம் சொன்னதால் எங்களுக்கும் ஒரு பிளாக் கிடைத்தது. ஒரே நிலம், ஒரே தெருப்பெயர், நடுவில் பச்சைக் கம்பி வேலி. அந்தப் பக்கம் நீச்சல் குளம், வாசலில் ஜாகா என்கிற காவல்காரர், கார் உள்ளே வந்தால் தானாகத் தூக்கும் கட்டை. இந்தப் பக்கம் ஒரே லிஃப்ட், அதுவும் மனம் வைத்தால் வேலை செய்யும். வேலியில் குப்பை வண்டிக்காக வைத்த ஒரு சின்ன கேட் உண்டு. அந்தக் காலத்தில் என் பிழைப்பே அதன் வழியாகத்தான் நடந்தது.

பத்து ஃபிரிங்கிக் கடற்கரையில் ஒரு ஹோட்டல் லாண்டரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றதும் ஹோட்டலை மூடினார்கள், எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கணவர் சுப்பையாவுக்குக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறையில் ஃபேக்டரி வேலை. தொற்று வரக்கூடாது என்று தொழிலாளர்களை ஹாஸ்டலிலேயே வைத்துக்கொண்டார்கள். அவரை நான் போனில்தான் பார்த்தேன். ஓவர்டைமும் போய்விட்டது. எங்கள் பிளாக்கில் சில வீட்டு ஜன்னல்களில் உதவி கேட்டு வெள்ளைத் துணி தொங்கியது. நான் தொங்கவிடவில்லை. அதற்குப் பதிலாக அடுப்பை ஏற்றினேன். இட்லி, மீன் கறி, வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாடு. வாங்கியதெல்லாம் கொண்டோக்காரர்கள்.

அவர்களில் பெரிய வாடிக்கை சாந்தினி மேடம். கணவர் டாக்டர், இவர் அக்கவுண்ட்ஸ் படித்தவர். ஒரே மகன் கிஷன், ஷர்மினியின் வகுப்புத்தான். ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே பரீட்சை. ஆனால் பள்ளியை மூடியதும் அவனுக்கு ஒரு படிப்பு, என் மகளுக்கு ஒரு படிப்பு என்று ஆகிவிட்டது. அவனுக்கு ஆட் மேத்ஸ் என்கிற மேல்நிலைக் கணக்கு சொல்லிக்கொடுக்க சிவநேசன் சார். பினாங்கில் அவரைத் தெரியாத பெற்றோர் இல்லை. தனி வகுப்பு, கணினியில் நேருக்கு நேர், மணிக்கு நூற்றிருபது மலேசிய வெள்ளி. சாந்தினி மேடம் சாப்பாட்டுப் பையை வாங்கும்போது சொன்னதுதான். "என்ன அக்கா செய்றது, பிள்ளைங்க படிப்புன்னு வந்துட்டா காசு பாக்க முடியுமா?" என்றார். பார்க்க முடியும் மேடம், பார்க்கிறவர்கள் இருக்கிறோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரே போன், திரையில் கீறல் விழுந்தது. அதில்தான் ஷர்மினியின் பள்ளி வகுப்பும் வரும், என் சாப்பாட்டு ஆர்டரும் வரும். வாத்தியார் பாதி கணக்கில் இருக்கும்போது யாராவது நாற்பது இட்லி கேட்டு அழைப்பார்கள். நான் பிடுங்கிப் பேசுவேன். திருப்பிக் கொடுக்கும்போது வகுப்பு முடிந்திருக்கும். விட்ட கணக்கை அவளே போட்டுப் பார்ப்பாள். ஆட் மேத்ஸில் ஏ வாங்கினால் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் மெட்ரிகுலேஷன், அதற்குப் பிறகு இஞ்சினியரிங் என்பது அவள் கணக்கு. இல்லாவிட்டால் அப்பாவோடு பிறைக்கு ஃபேக்டரி பஸ். இது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்ததைப் பேசி என்ன ஆகப்போகிறது என்று பேசாமல் இருந்தோம்.

அப்படிப்பட்டவள் வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், மாலை நாலு மணிக்குக் காற்று வாங்கப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் படிக்கட்டு. அங்கே வீசுவது காற்றல்ல, புறா எச்சத்தின் நாற்றம். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்புவாள். முகத்தில் ஒரு வெளிச்சம். தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். வெங்காயம் உரித்துக்கொண்டு சிரிக்கிற பெண்ணை எந்தத் தாய் நம்புவாள்?

"மேல என்னா பண்ற?" என்று கேட்டேன்.

"லைன் நல்லா கெடைக்குதும்மா."

"போன் இங்க என் கையில இருக்கு. எந்த லைன் கெடைக்குது உனக்கு?"

ஒரு கணம் விழித்தாள். "அது இல்லம்மா, சும்மா பாடத்த மனப்பாடம் பண்ணுவேன். வீட்ல சூடா இருக்குல்ல."

கணக்கை மனப்பாடம் செய்கிறவள் என் மகள் இல்லை. மடியில் கனம் இருக்கிறது என்று முடிவுகட்டினேன். அடுத்த வியாழன் பின்னாலேயே ஏறினேன். கடைசித் திருப்பத்தில் என் முட்டி சத்தம் போட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் எழுந்து நின்று, துண்டால் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். "துணி காயப்போட வந்தேம்மா" என்றாள். துணி அல்ல அது. சுருட்டிய துணிக்குக் கூரான மூலை இருக்காது.

நான் அப்போது கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும். பொய் சொல்ல அவகாசம் கொடுக்கக்கூடாது என்பது என் கொள்கை. மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் வீட்டைப் புரட்டினேன். அரிசி டப்பாவுக்கு உள்ளே, அரிசிக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு டேப்லட் இருந்தது. புத்தம் புதிதுபோல. திறந்ததும் திரையில் ஒரு பையனின் படம், பந்தோடு நிற்கிறான். மேலே ஆங்கிலத்தில் கிஷன் என்று பெயர்.

கொண்டோப் பையன் இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு விலை உயர்ந்த சாமானைச் சும்மாவா கொடுப்பான்? எனக்கு அந்தக் கணத்தில் தோன்றியதையெல்லாம் எழுத முடியாது. மகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல், அரிசி ஒட்டிய கையைக்கூடத் துடைக்காமல், டேப்லட்டை எடுத்துக்கொண்டு வேலி கேட்டுக்குப் போனேன். ஜாகாவிடம் சொல்லி சாந்தினி மேடத்தைக் கீழே வரவழைத்தேன்.

"உங்க மகன் சாமான் என் வீட்டு அரிசி டப்பாக்குள்ள ஏன் இருக்கு மேடம்?"

அவர் டேப்லட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அதில் முதலில் வந்தது திகைப்பு. அடுத்து வந்ததை நான் நன்றாக அறிவேன். அது என்னுடைய சொந்தச் சரக்கு.

"பழுதாயிருச்சின்னு சொன்னானே… அக்கா, என் மகன் அந்த மாதிரி பையன் இல்ல. உங்க பொண்ணு ஏதாச்சும் கேட்டு வாங்குச்சா?"

"என் மக கேக்க மாட்டா. உங்க மகனைக் கொஞ்சம் அடக்கி வைங்க."

"நீங்க மொதல்ல உங்க பொண்ணை வீட்டுக்குள்ள வைங்க" என்று சொல்லிவிட்டு டேப்லட்டை வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலையே அவருடைய ஆர்டர் நின்றது. அவரோடு அவர் தோழிகளின் ஆர்டரும் நின்றது.

வீட்டுக்கு வந்தால் ஷர்மினி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அரிசி டப்பா பக்கத்தில் திறந்து கிடந்தது.

"எங்கம்மா அது?"

"யாரோடதோ அவங்க கிட்ட போயிருச்சி. எத்தனை நாளா நடக்குது?"

"குடுத்துட்டியா?" அவள் குரல் உடைந்தது. "அம்மா, அடுத்த வாரம் இண்டெக்ரேஷன் ஆரம்பிக்கிறாரும்மா. அதுல பதினஞ்சு மார்க்குக்கு மேல வரும்மா."

"யாருடி ஆரம்பிக்கிறான்?"

"சிவநேசன் சார்."

பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கிஷனுக்கு ஆட் மேத்ஸ் பிடிக்காது. நாலு மணிக்குத்தான் அவன் கூட்டாளிகள் எல்லாரும் கேம் விளையாட வருவார்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டு அவன் கணினியில் கேம் ஆடுவான். அவன் பெயரில், சிம் போட்ட அவன் டேப்லட்டில், படிக்கட்டில் உட்கார்ந்து இவள் வகுப்பைக் கேட்பாள். மைக் கெட்டுவிட்டது, கேமரா போட்டால் லைன் அறுந்துவிடுகிறது என்று அவன் சாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டான். அதனால் பதில் எல்லாம் எழுத்தில்தான். வீட்டுப்பாடத்தையும் இவளே செய்து அனுப்புவாள். சார் திருத்தி அனுப்புவார். மூன்று மாதமாக நடந்திருக்கிறது.

"அவன் உன்கிட்ட என்னா கேட்டான்? சும்மா யாரும் குடுக்க மாட்டாங்க."

"அவனுக்கு கேமு, எனக்கு சாரு. அவ்ளோதாம்மா. அவன் என் மூஞ்சிய பாத்தே மாசமாச்சி. டேப்லட்ட கேட் பக்கத்துல வச்சிட்டு ஓடிட்டான்."

"ஏன் என்கிட்ட மறைச்ச?"

"சொன்னா விட்டிருப்பியா? அடுத்தவங்க காசுல படிக்கிறது களவுன்னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை.

"களவுதானடி அது."

"அவன் கேக்காத பாடம்மா. நான் இல்லன்னா சார் அங்க யாருமே இல்லாத எடத்துல பேசிக்கிட்டு இருப்பாரு."

நம்பினேனா என்றால், முழுதாக இல்லை. நாலைந்து நாள் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். காதல் பிரிந்த பெண் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஜன்னலைப் பார்ப்பாள், போனைப் பார்ப்பாள். இவள் இரண்டையும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை நாலு மணி ஆனதும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனாள். பள்ளி அனுப்பிய கணக்குத் தாளை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு பையனின் பரிசை அல்ல, என் மகளின் வாத்தியாரை.

சுப்பையாவிடம் போனில் சொன்னேன். "ஒரு வார்த்த அவகிட்ட கேட்டிருக்கலாம்லா" என்றார். கூடவே, "சாருக்கிட்ட நாமளே சேத்துவிட முடியுமா?" என்றும் கேட்டார். நான் மணிக்கு எவ்வளவு என்று சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார்.

இரண்டு வாரம் ஓடியது. ஒரு செவ்வாய் மதியம் ஜாகா எங்கள் பக்கம் பார்த்துக் கை காட்டினார். வேலி கேட்டில் சாந்தினி மேடம் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. இவ்வளவு பணிவாக அவர் நின்று நான் பார்த்ததில்லை. என்னமோ வேண்டும் இந்தம்மாவுக்கு என்று எச்சரிக்கையோடுதான் போனேன்.

"அன்னைக்கு நான் கொஞ்சம் காரமா பேசிட்டேன், மனசுல வச்சிக்காதீங்கக்கா. சிவநேசன் சார் போன் பண்ணாரு."

கத்தரிக்காய் முற்றிவிட்டது, கடைத்தெருவுக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"கிஷனுக்கு என்னா ஆச்சுன்னு கேட்டாருக்கா. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பிள்ளைய பாத்ததில்லையாம். ஒரு கணக்க அவர் ஒரு வழியில போட்டா இவன் வேற வழியில போட்டு அனுப்புவானாம். சில நேரம் இவன் கேக்கிற கேள்விக்கு அவரே மறுநாள்தான் பதில் சொல்வாராம். அப்படிப்பட்டவன் ரெண்டு வாரமா ஒண்ணுமே தெரியாத மாதிரி உக்காந்திருக்கான்னு சொல்றாரு. சின்ன கணக்குகூட வரலியாம்."

என் மகள். அது என் மகள். அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் என் பெண்ணைப் பற்றியது. அதை அவர் தன் மகனுக்கு வைத்துக்கொண்டு கண் கலங்கி நிற்கிறார். எனக்குச் சந்தோஷமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டையும் முகக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டேன். சட்டியில் இருந்தால்தானே மேடம் அகப்பையில் வரும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"நான் அவன உக்கார வச்சி கேட்டேன். மொதல்ல பேசல. அப்புறம் சொல்லிட்டான்." குரலைத் தாழ்த்தினார். "ஷர்மினி பேசுறது இல்ல, அதான் மனசு ஒடிஞ்சி போச்சின்னு."

கெட்டிக்காரப் பயல். அம்மா கையில் அகப்பட்டதும், அம்மா ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்ததையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான். நான் என் பிள்ளையைத் தவிர வேறு எதையும் அவ்வளவு சந்தேகப்பட்டதில்லை. இந்தம்மா தன் பிள்ளையைத் தவிர உலகத்தையே சந்தேகப்பட்டார்.

"பரீட்சை முடியிற வரைக்கும் பேசிக்கட்டும்க்கா. நான் தடுக்கல. இந்தாங்க, டேப்லட்ட நானே கொண்டாந்திருக்கேன். அப்புறம் அவன் வெளிநாட்டுக்குப் போயிருவான், தானா மறந்திருவாங்க." பையை நீட்டினார். நான் கையை நீட்டும்போது பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கண் சுருங்கியது.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணுக்கும் அவன் மேல நெசமாவே விருப்பம்தானே? இல்ல, சாமான் கெடைக்குதுன்னு…"

ஒரே கேள்விதான். உண்மையைச் சொல்லலாம். "என் மகளுக்கு உங்கள் மகன்மேல் ஒன்றும் இல்லை மேடம், உங்கள் வாத்தியார்மேல்தான்" என்று சொல்லிவிடலாம். அந்த நிமிடமே வகுப்பு நிற்கும். சாருக்குப் போன் போகும், பள்ளிக்குப் போகும், அடுத்தவன் பெயரில் படித்த திருடி என்று என் பெண்ணை நிற்க வைப்பார்கள். இல்லையென்றால் இன்னொன்றைச் சொல்லலாம். அதைச் சொன்னால் இந்தக் கொண்டோவில் நாளைக்கு எத்தனை வாய்க்கு அவள் அவலாவாள் என்று எனக்குத் தெரியாதா? நான் அவளைப் பொத்திப் பொத்தி வளர்த்ததே அந்த ஒரு பேச்சு வரக்கூடாது என்றுதான்.

"ஆமா மேடம்" என்றேன். "அவளும் ரெண்டு வாரமா சரியா சாப்பிடல."

அதுவாவது பொய் இல்லை.

சாந்தினி மேடம் என்னையே பார்த்தார். நம்பலாமா வேண்டாமா என்று எடைபோடுகிற பார்வை. என் முகத்தில் எதைக் கண்டாரோ, பையைக் கொடுத்தார்.

"எல்லை தெரிஞ்சி நடந்துக்கச் சொல்லுங்கக்கா. பேச்சோட நிக்கட்டும். அவன் எங்கயோ போக வேண்டியவன். சார் சொன்னத கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் மேடம்."

"நாளையில இருந்து மறுபடியும் சாப்பாடு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் நன்றி சொன்னேன் என்பதுதான் இன்றைக்கும் எரிகிறது.

திரும்பினால், படிக்கட்டின் அடியில் ஷர்மினி நின்றுகொண்டிருந்தாள். எதற்கு இறங்கி வந்தாளோ, எப்போது வந்தாளோ. முகத்தைப் பார்த்ததும் கடைசிவரை கேட்டிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் வேறு யாராவது பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள், கத்தியிருப்பாள். இவள் என் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"வேற வழி இல்லடி" என்றேன். "உண்மைய சொன்னா வகுப்பு போயிரும். அவங்க என்னமோ நெனைச்சிட்டு போகட்டும், பரீட்சை வரைக்கும்தானே? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவள் என் கையிலிருந்து பையை வாங்கினாள். டேப்லட்டை வெளியே எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அவங்க நெனைச்சா என்னாம்மா," என்றாள். "மொதல்ல நீயே நெனைச்சதுதானே?"

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் படியேறிப் போய்விட்டாள்.